ஒரே உடலில் நான்கு நோய்கள், நான்கு டாக்டர்கள்: யார் சொல்வதைக் கேட்பது?

எழுபது வயதைத் தாண்டிய அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு ஆகியவற்றோடு இப்போது சிறுநீரகக் கோளாறும் சேர்ந்துவிட்டது, ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர், ஒருவர் சாப்பிடச் சொல்வதை மற்றவர் தடுக்கிறார், எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மும்பை செம்பூரில் எங்கள் வீட்டிலும் இதே நான்குதான், கூடவே மூட்டுவலி. நோயாளி என் மாமியார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். நான் டாக்டர் இல்லை. பல வருடங்களாக அவருடைய மாத்திரை டப்பாவை நிரப்பி வருகிறவள்.

உங்களுக்கு முதலில் வேண்டியது, நான்கு பேர் எழுதியதையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஒரு பொது மருத்துவர். பெரிய பட்டம் வேண்டாம். பக்கத்துத் தெருவில் இருப்பவராக, போன் செய்தால் எடுப்பவராக இருந்தால் போதும்.

எங்களுக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். முதல் நாளே, "வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்" என்றார். ஒவ்வோர் அட்டையையும் திருப்பி, பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பெயரை மட்டும் படித்து, மேஜையில் இனம் பிரித்து வைத்தார். ரத்த அழுத்த மருந்தான டெல்மிசார்ட்டான் இரண்டு இடத்தில் இருந்தது. இதய டாக்டர் தனியாக எழுதியிருந்தார், சர்க்கரை டாக்டர் அதையே அம்லோடிபின் என்ற இன்னொரு ரத்த அழுத்த மருந்தோடு கலந்த மாத்திரையாக எழுதியிருந்தார். இருவர் மேலும் குறையில்லை. ஒருவர் எழுதியது மற்றவர் கண்ணில் படவே இல்லை. காலையில் எழுந்ததும் கிறுகிறுப்பு என்று அத்தை புலம்பிக்கொண்டிருந்ததற்கு விடை அந்த மேஜையில்தான் கிடைத்தது.

அதே பையில் மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக்கும் இருந்தது. இதைக் கவனமாகப் படியுங்கள். டெல்மிசார்ட்டான், நீர் பிரியும் மாத்திரை, இவற்றோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குள் ரத்த ஓட்டம் குறைந்து, அது திடீரென்று பழுதாகலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை வாங்கவே கூடாது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடுவது எல்லோருக்கும் தெரியும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பதுதான் பல வீடுகளில் தெரிவதில்லை.

அடுத்து சர்க்கரை. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குச் சர்க்கரை அளவு தானாகவே குறைய ஆரம்பிக்கலாம். இன்சுலினை உடைத்து அகற்றும் வேலையில் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டு. அது தளர்ந்தால் இன்சுலின் ரத்தத்தில் அதிக நேரம் தங்கிவிடும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளின் வேகமும் நீளும். வீட்டில் பத்தியம் பலித்துவிட்டது என்று மகிழ்ந்துகொண்டிருப்போம், நடுராத்திரியில் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, 70-க்கும் கீழே இறங்கி நிற்கும். அதனால், காரணமில்லாமல் சர்க்கரை இறங்கினால் சந்தோஷப்படாமல், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறால் வரும் ரத்தசோகைக்கு ஊசி போடத் தொடங்கியவர்களுக்கு, இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனை உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம். ஹெச்பிஏ1சியை 7 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தே தீருவேன் என்றும் பிடிவாதம் வேண்டாம். பல நோய்கள் உள்ள முதியவர்களுக்கு 8-க்குக் கீழ் இருந்தால் போதும் என்று அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும். ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் அந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

ஒரு நோய்க்கான மருந்து இன்னொன்றுக்கும் உதவுவதும் உண்டு. சர்க்கரைக்கென்று வந்த டாபாகிளிஃப்ளோசின் இன்று இதயச் செயலிழப்புக்கும் சிறுநீரகத்துக்கும் தரப்படுகிறது. 2020 அக்டோபரில் காப்புரிமை முடிந்தபின் விலையும் இறங்கிவிட்டது. அம்மாவுக்கு ஒத்துவருமா என்று கேட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டில் வரும் குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் பொட்டாசியம். கீரை, இளநீர், வாழைத்தண்டுச் சாறு எல்லாம் நல்லது என்றே வளர்ந்தவர்கள் நாம். சிறுநீரகம் தளர்ந்து, டெல்மிசார்ட்டானும் போடுகிறவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ஆனால் எல்லோரும் எல்லாவற்றையும் விலக்க வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் கூடியிருந்தால்தான் கட்டுப்பாடு. கீரையை நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்துச் சமைத்தால் ஓரளவு குறையும். கடைகளில் விற்கும் சோடியம் குறைந்த உப்பு மட்டும் அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். சோடியத்துக்குப் பதிலாக அதில் இருப்பது பொட்டாசியம்.

மும்பை மழைக்காலத்தில் வாந்தியும் பேதியும் வராத வீடு கிடையாது. அப்போது உடலில் நீர் வற்றும். மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், டெல்மிசார்ட்டான், நீர் மாத்திரை ஆகியவற்றில் எவற்றைத் தற்காலிகமாக நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

கே.இ.எம்., சயான் போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளுக்குப் போகிறவர்கள் கேஸ் பேப்பரைத் துறைவாரியாகப் பிரிக்காமல் தேதிவாரியாக ஒரே ஃபைலில் கோத்து வையுங்கள். முதல் பக்கம் மாத்திரைப் பட்டியல்: மருந்தின் பெயர், அளவு, யார் எழுதியது, எதற்காக. எதற்காக என்று யாராலும் சொல்ல முடியாத மாத்திரை பட்டியலில் இருந்தால், அதைத் தொடர வேண்டுமா என்று பொது மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அம்மாவிடமும் கேளுங்கள். எங்கள் டாக்டர் அத்தையைப் பார்த்து, "உங்களுக்கு என்ன முடிந்தால் போதும்?" என்று கேட்டார். செடா நகர் முருகன் கோயில் படியேற வேண்டும் என்றார் அத்தை. அதன்பிறகுதான் படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற 1, 3 நிமிடங்களிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார். மேல் எண் 20 புள்ளிக்கு மேல் விழுந்தது. இரவு மாத்திரையின் அளவைக் குறைத்தார், முழங்காலுக்குப் பயிற்சி எழுதித் தந்தார். இப்போது அத்தை கிருத்திகைதோறும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார். உங்கள் அம்மாவுக்கும் எழுந்ததும் தள்ளாட்டம் இருந்தால், படுத்திருக்கும்போதும் நின்றும் எடுத்த இந்த அளவுகளை ஒரு வாரம் குறித்து, மாத்திரைப் பையோடு டாக்டரிடம் கொண்டு போங்கள்.