வீட்டில் காய்களை நொதிக்க வைத்துச் சேமிக்க முடியுமா? எனக்கு ஏன் ஒவ்வொரு முறையும் கெட்டுப்போகிறது?

கேள்வி கேட்டவர், வீடியோவில் பார்த்தபடி கேரட்டையும் பீன்ஸையும் உப்புத் தண்ணீரில் போட்டு மூன்று வாரம் சமையலறை மேடையில் வைத்திருக்கிறார். முதல் முறை கொழகொழவென்று ஆகிவிட்டது, இரண்டாம் முறை மேலே வெள்ளையாகப் படர்ந்துவிட, அப்படியே கொட்டிவிட்டார். நம் ஊர் வெயிலுக்கு இதெல்லாம் சரிப்படாதோ என்று கேட்கிறார்.

சரிப்படும். ஆனால் அந்த மூன்று வாரம் என்பது குளிர் நாட்டுக் கணக்கு. அங்கே முட்டைக்கோஸைப் பதினெட்டு இருபது டிகிரியில் வைத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். நம் சமையலறை மே மாதம் 34 டிகிரியில் நிற்கும்போது அதே இரண்டு சதவீத உப்பில் அதே நாள் கணக்கில் வைத்தால் கஞ்சிதான் மிஞ்சும். இட்லி மாவுக்கே டிசம்பரில் ஒரு நேரம், மேயில் ஒரு நேரம் என்று வைக்கிறோம், இதற்கு மட்டும் ஏன் ஒரே நாள் கணக்கு? உப்பு, சூடு, நாள் மூன்றும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. சூடு கூடினால் நாளைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் உப்பைக் கூட்ட வேண்டும். நம் பாட்டிகள் உப்பைக் கூட்டினார்கள்.

மாவடுவை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒரு கிலோ வடுவுக்கு 150 கிராம் கல் உப்பு. மாசி, பங்குனியில் வடு வந்ததும் காம்போடு இருப்பதாகப் பார்த்து வாங்கி (காம்பு ஒடிந்து பால் வடிந்தது சீக்கிரம் அழுகும், அதைத் தனியாக எடுத்து அன்றைக்கே சாம்பாரில் போட்டுவிடுவோம்), கழுவி, நிழலில் ஈரம் போகக் காயவைத்து, இரண்டு ஸ்பூன் விளக்கெண்ணெய் தடவிப் புரட்டி, பீங்கான் ஜாடியில் ஒரு அடுக்கு வடு, ஒரு கை உப்பு என்று நிரப்பி வேடு கட்டிவிடுவோம். காலையும் மாலையும் ஜாடியைத் தூக்கிக் குலுக்க வேண்டும். மூன்றாம் நாள் குலுக்கும்போது சத்தம் மாறும். அதுவரை கடகடவென்று கூழாங்கல் மாதிரி உருண்டது, அன்றைக்குத் தளக்தளக்கென்று தண்ணீருக்குள் உருளும். திறந்து பார்த்தால் வடுவெல்லாம் சுருங்கி, தான் விட்ட தண்ணீரிலேயே மூழ்கிக் கிடக்கும். அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து, அதிலேயே கடுகு, மிளகாய், மஞ்சள் மூன்றையும் அரைத்துத் திரும்ப ஊற்றிவிடுவோம். கடுகு வாசனைக்காக மட்டும் இல்லை. நசுங்கித் தண்ணீர் பட்டதும் எழுகிற அந்த மூக்கைத் துளைக்கும் நெடிக்குக் கிருமியை அடக்குகிற குணம் உண்டு.

உண்மையைச் சொன்னால் மாவடுவைக் காப்பதில் நொதித்தலின் பங்கு குறைவு. அவ்வளவு உப்பில் பெரும்பாலான நுண்ணுயிர்கள் எழுந்திருக்கவே திணறும். உப்பும் மாங்காயின் புளிப்பும்தான் வருஷம் முழுக்கக் காக்கின்றன. எனக்கு இது புரிய ஒரு ஜாடி வீணாக வேண்டியிருந்தது. அப்பாவுக்குப் பிரஷர் என்று ஒரு வருஷம் நானே பெரிய மனதோடு உப்பைப் பாதியாக்கிப் போட்டேன். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. மேலே ஆடை படிந்து, வடுவை விரலால் தொட்டாலே தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. அம்மாவுக்கு போன் பண்ணினேன். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் "உப்பைக் குறைச்சியாடா?" என்றாள். அப்புறம், "உப்பு ஆகாதுன்னா நாலு வடு தின்கிற இடத்தில ஒண்ணு தின்னச் சொல்லு, ஜாடியில கை வைக்காதே." இப்போது அப்பாவுக்கு ஒரே ஒரு வடு, அதுவும் கழுவிவிட்டு, தயிர் சாதத்தில் உப்பே போடாமல்.

சரி, உங்கள் கேரட்டுக்கு வருகிறேன். இது வேறு கதை. இங்கே உப்பு வேலைக்காரன் இல்லை, காவல்காரன்தான். கண்டதையும் உள்ளே விடாமல், உப்பைத் தாங்குகிற லாக்டிக் அமில பாக்டீரியாவுக்கு மட்டும் வழிவிடும். முதலில் லியூகோநாஸ்டாக் என்கிற வகை தலையெடுக்கும். நம் இட்லி மாவைப் பொங்க வைப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. இது விடுகிற வாயுதான் பாட்டிலில் எழும் குமிழி. புளிப்பு ஏற ஏற இது ஒடுங்கி, இன்னும் அதிகப் புளிப்பைத் தாங்குகிற லாக்டோபேசில்லஸ் வகைகள் மேலே வரும். பிஹெச் (புளிப்பை அளக்கிற எண், புளிப்பு ஏற ஏற இது இறங்கும்) 4.6-க்குக் கீழே இறங்கிவிட்டால், போட்டுலிசம் என்கிற உயிருக்கே ஆபத்தான உணவு நஞ்சை உண்டாக்குகிற கிருமியால் வளர முடியாது, காய் பத்திரமாக இருப்பதற்கு அந்தப் புளிப்புதான் காரணம். நல்ல வெயிலில் இந்த முதல் கட்டம் அவசரமாக முடிந்துவிடுவதால் சுவை கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, இஞ்சியும் பச்சை மிளகாயும் போட்டால் தெரியாது.

நான் செய்வது இதுதான். பாட்டிலை எடை பார்க்கும் தராசில் வைத்து, காயும் தண்ணீரும் சேர்த்து ஒரு கிலோ வந்தால் 25 கிராம் உப்பு, கோடையில் 30. ஸ்பூன் கணக்கு வேண்டாம், கல் உப்பும் தூள் உப்பும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை நிற்காது. அயோடின் உப்பில் நொதிக்காது என்று பலர் எழுதுகிறார்கள், எனக்கு நன்றாகவே நொதித்தது, தண்ணீர் மட்டும் கொஞ்சம் கலங்கல். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள். காய் தண்ணீருக்கு மேலே தலைகாட்டக் கூடாது. நான் ஒரு முட்டைக்கோஸ் இலையை மடித்து மேலே அழுத்தி, அதன்மேல் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிடுவேன். மூடியை முறுக்கி மூடாதீர்கள், மூடினால் தினம் ஒருமுறை திறந்து வாயுவை விடுங்கள். ஒருநாள் மறந்துபோய் மறுநாள் திறந்தபோது கேரட் தண்ணீர் அலமாரிக் கதவு வரைக்கும் தெறித்தது.

இரண்டாம் நாளே ஒரு துண்டு எடுத்துக் கடித்துப் பாருங்கள். சென்னைக் கோடையில் எனக்கு மூன்றாம் நாள் சரியாக இருக்கும், மார்கழியில் ஐந்தாறு நாள் ஆகும். கடிக்கும்போது மொறுமொறுப்பு இருக்கிறது, நாக்கில் மோர் மாதிரிப் புளிப்பு ஏறிவிட்டது என்றால் உடனே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். ஃப்ரிட்ஜே வேண்டாம் என்பவருக்கு இந்த உப்பு அளவு ஒத்துவராது, அவர் மாவடு, உப்பு நாரத்தங்காய், மோர் மிளகாய் பக்கம் போக வேண்டியதுதான்.

அந்த வெள்ளைப் படலம் பற்றி. தட்டையாக, மெல்லியதாக, பால் ஆடை மாதிரி சுருக்கம் விழுந்திருந்தால் அது ஒருவகை ஈஸ்ட், பயப்பட ஒன்றும் இல்லை, வழித்து எறிந்துவிட்டு வாசனை நன்றாக இருந்தால் சாப்பிடலாம். பஞ்சு மாதிரி முடி முளைத்திருந்தாலோ, பச்சை, கறுப்பு, ரோஸ் என்று நிறம் தெரிந்தாலோ அது பூசணம். மேலே மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மீதியை வைத்துக்கொள்ளும் சிக்கனம் வேண்டாம், முழு பாட்டிலையும் கொட்டுங்கள். உங்களுடையது நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முதல் வகைதான் என்று தோன்றுகிறது, அவசரப்பட்டுக் கொட்டிவிட்டீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பச்சைப் பூண்டை உரித்து அப்படியே எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே வைக்கிற வீடியோக்களும் இதே வரிசையில் ஓடுகின்றன. அதில் உப்பும் இல்லை, புளிப்பும் இல்லை, எண்ணெய் காற்றை மட்டும் தடுக்கும். நான் மேலே சொன்ன போட்டுலிசம் கிருமிக்குக் காற்றில்லாத இடம்தான் தோது. பச்சைப் பூண்டு போட்ட எண்ணெயை வெளியே வைக்காதீர்கள்.

அடுத்த முறை அரைக் கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பாட்டிலில் தேதி எழுதி ஒட்டுங்கள். மிஞ்சுகிற புளிப்புத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம், இரண்டு ஸ்பூன் எடுத்து அடுத்த பாட்டிலில் விட்டால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். மாவடுத் தண்ணீரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, எங்கள் வீட்டில் வடு தீர்ந்த பிறகும் அதற்கு ஒரு மாதம் சண்டை நடக்கும்.