மாதிரி ரயில் கேள்வி – பதில்: கைப்பிடிக் கம்பியின் பருமன்

சிறு அளவில் டீசல் எஞ்சின் கட்டுவது, அதற்கு நுணுக்கமான பாகங்கள் சேர்ப்பது ஆகியவை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில் எழுதியிருக்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: முதன்முறையாக ஒரு டீசல் எஞ்சினைக் கட்டப் போகிறேன். ‘எச்.ஓ.’ அளவா, ‘என்’ அளவா, எதைத் தேர்ந்தெடுப்பது?

நிஜத்தில் 18 மீட்டர் நீளமுள்ள ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். ‘எச்.ஓ.’ என்பது 1:87. அதில் இந்த எஞ்சின் ஏறக்குறைய 207 மி.மீ. நீளம் வரும். ‘என்’ என்பது 1:160. அதில் 112 மி.மீ.தான். ஓட்டிப் பார்ப்பதும் நீண்ட வண்டிகளை வளைவுகளில் பார்த்து மகிழ்வதும் உங்கள் ஆசை என்றால் ‘என்’ அளவு குறைந்த இடத்தில் நிறையத் தரும். ஆனால் நீங்கள் ‘கட்டப் போகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நிஜ எஞ்சினின் கைப்பிடிக் கம்பிகள் பெரும்பாலும் 20 முதல் 35 மி.மீ. வரை பருமன் உள்ளவை. 1:87 அளவில் அது 0.25 முதல் 0.4 மி.மீ. கம்பியாகும், அதை இடுக்கியால் பிடிக்கலாம், வளைக்கலாம், தவறினால் நேராக்கலாம். 1:160 அளவில் அதே கம்பி ஏறக்குறைய பாதியாக மெலிந்து, தலைமுடியைவிடச் சற்றே பருத்ததாகிவிடும். முதல் முயற்சிக்கு ‘எச்.ஓ.’தான் என் பரிந்துரை.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ‘எச்.ஓ.’வும் பிரிட்டிஷ் ‘ஓ.ஓ.’வும் ஒரே 16.5 மி.மீ. பாதையில்தான் ஓடுகின்றன. ஆனால் ‘ஓ.ஓ.’ என்பது 1:76. பாதை பொருந்துகிறதே என்று அதற்கான ஹாரனையோ படிக்கட்டையோ வாங்கிப் பொருத்தினால், அது ஏழில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். பாகங்கள் வாங்கும்போது பாதையின் அகலத்தை அல்ல, விகிதத்தைப் பாருங்கள்.

கேள்வி: என் எஞ்சினின் உடற்கூட்டில் கைப்பிடிகள் பிளாஸ்டிக்கோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கின்றன. அவற்றை நீக்கிவிட்டுக் கம்பியில் செய்ய வேண்டுமா? எப்படிச் செய்வது?

வேண்டும் என்றே சொல்வேன். ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் உங்களுக்குப் பொறுமை இருக்கிறது என்றால் அந்த ஒன்று இதுவாக இருக்கட்டும். வார்க்கப்பட்ட கைப்பிடி சுமார் 0.7 மி.மீ. பருமன் இருக்கும். அதை 87ஆல் பெருக்கினால் 6 செ.மீ. வருகிறது. மணிக்கட்டுப் பருமனில் ஒரு கைப்பிடியை எந்த ஓட்டுநரும் பற்றி ஏற முடியாது. பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்கலாம். ஆனால் கண் இதைக் கவனித்துவிடுகிறது, ‘பொம்மை’ என்று சொல்லிவிடுகிறது. நூறு பாகங்களைச் சேர்த்தாலும் கம்பிகள் தடிமனாக இருந்தால் அந்தக் குறை மறையாது.

செய்முறையில் பலர் தவறுவது வரிசையில்தான். பழைய கைப்பிடியை முதலில் சீவிவிட்டால் துளையின் இடம் தொலைந்துபோகும். ஆகவே அதன் இரு முனைகளும் உடலைத் தொடும் இடத்தில் கூரான ஊசியால் முதலில் ஒரு குழி இடுங்கள். அதன் பிறகு, தட்டையான உளி போன்ற கத்தியால் மெல்லிய சீவல்களாக எடுங்கள். ஒரே வெட்டில் எடுக்க முயன்றால் கத்தி பக்கவாட்டுத் தகட்டுக்குள் இறங்கிவிடும். மிச்சத்தை 600, 1000, 1500 எண் (எண் கூடக்கூட நைசான தாள்) என்ற வரிசையில் உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள்.

0.3 மி.மீ. கம்பிக்கு 0.35 அல்லது 0.4 மி.மீ. துளை போதும். மோட்டார் வைத்த துளைக்கருவி வேண்டாம், அதன் வேகத்தில் பிளாஸ்டிக் உருகி அலகில் சுற்றிக்கொள்ளும். விரல்களால் சுழற்றும் சிறிய பிடியே சரி. அழுத்தாமல், அலகின் எடையே இறங்கும்படி சுழற்றுங்கள்.

கைப்பிடிகள் எல்லாம் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். அதற்குத் தேவையான அகலத்தில் ஒரு பித்தளைத் துண்டை அரத்தால் தேய்த்து வைத்துக்கொண்டு, அதன் இரு ஓரங்களிலும் கம்பியை மடக்கினால் இருபது கைப்பிடிகளும் ஒன்றுபோல வரும். கையுறை போட்ட விரல்கள் நுழைய நிஜத்தில் ஆறேழு செ.மீ. இடைவெளி இருக்கும், மாதிரியில் அது முக்கால் மில்லிமீட்டர். அந்தக் கனமுள்ள பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கம்பிக்கும் உடலுக்கும் நடுவில் செருகி, கம்பி அதன்மேல் படியும்வரை உள்ளே தள்ளுங்கள். பிறகு உட்புறமாக, ஊசி முனையால் ஒரே ஒரு துளி உடனொட்டுப் பசை வையுங்கள். வெளியே வைத்தால் வெள்ளைப் படலம் படியும். பசை காய்ந்ததும் பட்டையை உருவிவிடலாம்.

நடைபாதை ஓரத்து நீண்ட கம்பிகளுக்குப் பித்தளையைவிட பாஸ்பர் வெண்கலக் கம்பி நல்லது. விரல் பட்டால் வளைந்து, தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சுருளிலிருந்து எடுத்த கம்பியைத் தட்டையான இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவில் உருட்டினால் நேராகிவிடும்.

கேள்வி: பிளாஸ்டிக் தகடுகளைக் கொண்டு எரிபொருள் டேங்கை நானே செய்தேன். ஒட்டியபோது சரியாக இருந்தது. சில வாரங்களில் பக்கங்கள் உள்வாங்கிவிட்டன. காரணம் என்ன?

நீங்கள் பயன்படுத்தியது பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் திரவமாக இருக்க வேண்டும். நாலாபுறமும் மூடிய பெட்டிக்குள் அந்தத் திரவத்தின் ஆவி வெளியேற வழியில்லாமல் தங்கிவிடுகிறது. அது தகட்டை உள்ளிருந்து மெல்ல இளக்கும். மெல்லிய தகடு குழிந்துவிடும். இனிமேல் மூடிய பெட்டி எதுவாக இருந்தாலும் கண்ணில் படாத அடிப்பக்கத்தில் 2 மி.மீ. துளை ஒன்றை இட்டுவிடுங்கள். உள்ளே நான்கைந்து குறுக்குத் தடுப்புகள் வையுங்கள். திரவத்தைப் பூசக் கூடாது. இரு தகடுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தூரிகை நுனியால் இணைப்பின் ஓரத்தைத் தொட்டால் போதும், இடுக்கு வழியாகத் தானே ஓடிப் பரவும்.

அப்படிப் பரவும் குணமே கெடுதலும் செய்யும். நான் கட்டிய இரண்டாவது எஞ்சினில் பக்கத் தகட்டைக் கூரையோடு சேர்த்துப் பிடித்திருந்த என் பெருவிரலுக்கு அடியிலும் திரவம் ஓடியதை நான் கவனிக்கவில்லை. விரலை எடுத்தபோது ரேகை முழுவதும் தகட்டில் பதிந்திருந்தது. எவ்வளவு தேய்த்தும் அந்த இடத்தின் சமதளம் திரும்பவில்லை, தகட்டையே மாற்றினேன். அன்று முதல் இணைப்பிலிருந்து ஒரு விரற்கடை தள்ளியே பிடிக்கிறேன்.

கேள்வி: ஒரே வகை எஞ்சினின் பத்துப் படங்களைச் சேர்த்தேன். ஹாரன் ஒன்றில் முன்னால் இருக்கிறது, இன்னொன்றில் கூரை நடுவில் இருக்கிறது, சன்னல்களும் மாறுகின்றன. எதைப் பின்பற்றுவது?

ஒரு வகையை அல்ல, ஓர் எஞ்சினைக் கட்டுங்கள். ஓர் எண், ஒரு காலம். டீசல் எஞ்சின்கள் பல ஆண்டுகள் உழைப்பவை; ஒவ்வொரு பெரிய பழுதுபார்ப்பிலும் விளக்கு மாறும், வலைக்கதவு மாறும், விபத்தில் நசுங்கிய படிக்கட்டுக்கு வேறொன்று வரும். பத்துப் படங்களிலும் பிடித்ததை எல்லாம் ஒன்றில் சேர்த்தால், எந்தக் காலத்திலும் இருந்திராத ஓர் எஞ்சின்தான் கிடைக்கும். ஒரே எண்ணுக்கு இடப்பக்கம், வலப்பக்கம், முன், பின் என நான்கு படங்களும், நடைமேம்பாலத்திலிருந்து எடுத்த கூரைப் படம் ஒன்றும் கிடைத்துவிட்டால் வேலையைத் தொடங்கலாம். மாதிரியை நாம் பெரும்பாலும் மேலிருந்தே பார்க்கிறோம் என்பதால் கூரைப் படம் மிக முக்கியம்.

படத்தில் தெரிவது என்ன பாகம் என்று புரிந்துகொண்டு செய்வது இன்னொரு பெரிய உதவி. டீசல்-மின்சார எஞ்சினில் டீசல் இயந்திரம் நேரடியாகச் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுழற்ற, அந்த மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டார்களுக்குப் போகிறது. இயந்திரத்தின் வெப்பத்தை வெளியேற்ற ரேடியேட்டர், அதற்குக் காற்று இழுக்க வலைகளும் விசிறியும். காற்றழுத்தி நிரப்பும் உருளைத் தொட்டிகள் அடிப்பகுதியில் இருக்கும். அங்கிருந்து குழாய்கள் போகிகளில் உள்ள பிரேக் சிலிண்டர்களுக்குப் போகின்றன. பேச்சில் நாம் பயணிகள் பெட்டியையே ‘போகி’ என்கிறோம். இங்கே நான் சொல்வது அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தை. மணல் பெட்டியிலிருந்து வரும் குழாய் சக்கரத்துக்கு முன்னால், தண்டவாளத்தை ஏறக்குறைய தொடும்படி முடியும், ஏனென்றால் சக்கரம் வழுக்கும் இடத்தில்தான் மணல் விழ வேண்டும். இப்படி ஒவ்வொரு குழாய்க்கும் தொடக்கமும் முடிவும் உண்டு. எங்கிருந்து எங்கே போகிறது என்று சொல்ல முடியாத குழாயை ஒட்டாதீர்கள். படம் கிடைக்காத பகுதியை வெறுமையாக விட்டுவிடுவதே நேர்மை.

கேள்வி: பாகங்கள் எல்லாம் சேர்த்த பிறகு என் எஞ்சின் திக்கித் திக்கி ஓடுகிறது, பாதை பிரியும் இடங்களில் நின்றுவிடுகிறது. எடை போதவில்லையா?

எடையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 110 டன் எஞ்சினை 1:87இல் குறைக்கும்போது எடை 87இன் முப்படியால் வகுபடும்; விடை ஏறக்குறைய 167 கிராம்தான். உங்கள் மாதிரி இதைவிடக் கனமாகவே இருக்கும். இழுவைக்குக் கூடுதல் எடை நல்லதுதான், ஆனால் நீங்கள் சொல்லும் குறைக்குக் காரணம் மின்சாரம்.

முதலில், புதிதாகச் சேர்த்த பிரேக் கட்டைகளைப் பாருங்கள். அவை உலோகத்தால் ஆனவை என்றால், ஒரு கட்டை சக்கரத்தை உரசினாலே இடப்பக்க மின்சாரமும் வலப்பக்க மின்சாரமும் சட்டத்தின் வழியே சந்தித்துவிடலாம். நேர்ப்பாதையில் நன்றாக இருந்து வளைவில் மட்டும் நின்றால் சந்தேகமே வேண்டாம். கட்டையின் உட்பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒட்டுங்கள், அல்லது கட்டையையே பிளாஸ்டிக்கில் செய்யுங்கள். அடுத்து, எல்லாச் சக்கரங்களும் மின்சாரம் எடுக்கின்றனவா என்று பாருங்கள். நான்கு சக்கரங்கள் மட்டும் எடுத்தால், பாதை பிரியும் இடத்தின் பிளாஸ்டிக் பகுதியில் மின்சாரம் அறுந்துவிடும். சக்கர ஓரத்தில் படிந்த கரியைப் பஞ்சில் ஆல்கஹால் நனைத்துத் துடையுங்கள். வேகமும் கவனிக்க வேண்டியதே: மணிக்கு 100 கி.மீ. என்பது 1:87இல் நொடிக்கு 32 செ.மீ. மட்டும். பலர் இதைவிட மிக வேகமாக ஓட்டிவிட்டு, மெதுவாக ஓடும்போது தெரியும் குறையைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

கேள்வி: முகப்பு விளக்குக்கு வெள்ளை எல்.இ.டி. வைத்தேன். உடனே எரிந்துபோனது.

12 வோல்ட்டை நேராகக் கொடுத்திருப்பீர்கள். வெள்ளை எல்.இ.டி.க்கு வேண்டியது ஏறத்தாழ 3 வோல்ட்; மீதி 9 வோல்ட்டைத் தாங்க 1000 ஓம் மின்தடை ஒன்றைத் தொடரில் இணையுங்கள். 9 மில்லிஆம்பியர் ஓடும். வெளிச்சத்துக்கு அதுவே அதிகம். சாதாரண நேர்மின் பாதையில் எஞ்சினைத் திருப்பி ஓட்டும்போது முனைகள் மாறிவிடும், தலைகீழ் மின்னழுத்தத்தை எல்.இ.டி. தாங்காது. ஆகவே ஒரு டையோடையும் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: வண்ணம் பூசி, எழுத்துகளை ஒட்டிவிட்டேன். எழுத்தைச் சுற்றி வெள்ளி போலப் பளபளக்கிறது. அதன்மேல் அழுக்கும் பழமையும் காட்ட நினைக்கிறேன், எதில் தொடங்குவது?

பளபளப்புக்குக் காரணம், மங்கலான, சொரசொரப்பான வண்ணத்தின்மேல் நீரில் ஊறிய எழுத்துத்தாளை ஒட்டியதுதான். படலத்துக்கு அடியில் காற்று சிக்கிக்கொண்டது. ஊசியால் படலத்தை இரண்டு மூன்று இடங்களில் குத்தி, எழுத்தை இளக்கும் திரவத்தைத் தடவினால் பெரும்பாலும் படிந்துவிடும். அடுத்த முறை முதலில் பளபளக்கும் வார்னிஷ், அதன்மேல் எழுத்து, அதற்கும் மேலே மங்கல் வார்னிஷ் என்ற வரிசையில் செய்யுங்கள்.

அழுக்கை எஞ்சின் எங்கே சேர்த்துக்கொள்கிறதோ அங்கே மட்டும் காட்டுங்கள். புகைபோக்கியைச் சுற்றிக் கூரையில் கரி. சுத்தக் கறுப்பு சிறிய அளவில் ஓட்டைபோலத் தெரியும், ஆகவே சாம்பல் நிறம் கலந்துகொள்ளுங்கள். போகிகளில் பிரேக் கட்டையும் சக்கரமும் தேய்ந்து உதிரும் இரும்புத் தூள், துருவின் பழுப்பு நிறம். டேங்கின் நிரப்பு வாயிலிருந்து கீழே வழிந்த டீசல் தடம் மட்டும் பளபளப்பாக இருக்க வேண்டும். சுற்றிலும் மங்கலாக இருப்பதால்தான் அது எண்ணெய் என்று தெரிகிறது. மழைநீர் வழிந்த கோடுகள் எப்போதும் செங்குத்தாக, மேலே அடர்ந்து கீழே மெலிந்து முடியட்டும். இந்த அழுக்குகளுக்கான நிறப் பொடிகளைத் தூரிகையால் தடவி, மங்கல் வார்னிஷை மிக மெல்லியதாகத் தெளித்து நிலைநிறுத்துங்கள். வார்னிஷ் பட்டதும் பொடியில் பாதி மறைந்ததுபோல் இருக்கும், மறுபடியும் ஒரு முறை தடவ வேண்டிவரும்.

எஞ்சின் முழுவதற்கும் பழுப்புத் தூசி தெளிப்பதற்கு முன், ஓட்டுநர் சன்னல் கண்ணாடியில் வைப்பர் துடைக்கும் வளைவைப் போல மாஸ்கிங் டேப்பை விசிறி வடிவில் வெட்டி ஒட்டுங்கள். தூசி காய்ந்ததும் அதை ஊசி முனையால் மெல்ல உரித்தெடுங்கள். துடைத்த இடம் தெளிவாகவும் மூலைகள் மட்டும் தூசி படிந்தும் இருக்கும்.