சின்னக் கடைக்காரர்கள் விளம்பரத்துக்கு க்யூஆர் கோடை எப்படி உருப்படியாகப் பயன்படுத்தலாம்?

யாங்கூனில் ஸ்டிக்கர், வினைல் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன், அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. "அண்ணே, மூலையில ஒரு க்யூஆர் போட்டு விட்டுருங்க" என்று சொல்லாத ஆளே இப்போது கிடையாது. எதுக்குப்பா என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். எல்லாரும் போடுகிறார்கள், நாமும் போடுவோம், அவ்வளவுதான்.

நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஸ்கேன் பண்ணினால் என்ன கிடைக்கும் என்று கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வரியில் எழுத முடியுமா? முடியாது என்றால் போட வேண்டாம். 'ஸ்கேன் செய்யவும்' என்று மட்டும் எழுதினால் யாரும் போனை எடுக்க மாட்டார்கள், ஏன் எடுக்க வேண்டும்? 'இந்த மசாலாவில் கோழிக்குழம்பு வைக்கும் முறை', 'இன்றைக்கு என்ன டிபன்', 'வைபரில் ஆர்டர் கொடுக்க' என்று இருந்தால் எடுப்பார்கள். பர்மிய மொழியில் பெரிதாக ஒரு வரி, கீழே தமிழில் ஒரு வரி போடச் சொல்வேன். நம் பிள்ளைகளில் நிறையப் பேர் வீட்டில் தமிழ் பேசினாலும் படிப்பது பர்மிய எழுத்துத்தானே.

அடுத்தது, அந்தக் கட்டம் எங்கே கொண்டு போய் விடுகிறது என்பது. இங்கே முக்கால்வாசிப் பேர் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தைத்தான் கொடுக்கிறார்கள். 2021 பிப்ரவரியில் இருந்து இங்கே ஃபேஸ்புக்கை அரசு தடுத்துவிட்டதால் நேராகத் திறக்காது, தடையைச் சுற்றிப் போக விபிஎன் செயலி வேண்டும், 2024 மே மாதக் கடைசியில் விபிஎன்களையும் தடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைக்காரர் போனில் விபிஎன் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் அவர் பார்க்கும்போது பக்கம் அழகாகத் திறக்கும், வாடிக்கையாளர் போனில் வெள்ளைத் திரைதான் சுற்றிக்கொண்டு நிற்கும், அவர் இரண்டு நொடி பார்ப்பார், போனைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார், இது கடைக்காரருக்குத் தெரியவே தெரியாது. படம் குறைந்த, எடை குறைந்த ஒரே ஒரு பக்கம் போதும். விலை, நேரம், ஆர்டர் செய்ய ஒரு பட்டன். பிடிஎஃப் மெனு வேண்டவே வேண்டாம், சிக்னல் இழுக்கிற இடத்தில் அதை யார் இறக்கிப் பார்ப்பார்கள்?

இன்னொன்று, இங்கே க்யூஆர் என்றாலே ஜனங்களுக்குக் காசு கட்டுவதுதான். கல்லாவில் ஏற்கெனவே கேபிஇசட்பே அட்டை, அதாவது போனில் காசு கட்டுகிற செயலியின் க்யூஆர் அட்டை, நின்றுகொண்டிருக்கும். அதை ஒட்டியே மெனு க்யூஆரையும் வைத்தால் காசு கட்ட வந்தவர் மெனுவை ஸ்கேன் பண்ணிவிட்டு "ஏன் வரலை?" என்று சண்டைக்கு வருவார். மெனுவை மேஜையில் வையுங்கள், வேறு நிறத்தில் வையுங்கள். கல்லாவில் இருக்கும் அட்டை மேல் எவனாவது வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறானா என்று காலையில் கடை திறக்கும்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்வதும் நல்லது.

சரி, அச்சு விஷயத்துக்கு வருவோம். க்யூஆர் 1994இல் ஜப்பானில் டென்சோ வேவ் கம்பெனியில் கார் பாகங்களைக் கணக்கு வைப்பதற்காகக் கண்டுபிடித்தது. அதனால் கொஞ்சம் அழுக்கு, கிழிசல் எல்லாம் தாங்கும். நான்கு நிலை வைத்திருக்கிறார்கள்: 7, 15, 25, 30 சதவீதம் வரை பாழானாலும் படிக்க முடியும். நடுவில் லோகோ வைக்க ஆசைப்படுகிறவர்கள் 30 சதவீத நிலையை எடுங்கள், ஆனால் அதற்கு விலையாகக் கட்டத்துக்குள் இருக்கும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் கூடும். மூன்று மூலைச் சதுரங்களில் கை வைக்கவே கூடாது, கேமரா முதலில் தேடுவது அதைத்தான். சுற்றிலும் நான்கு புள்ளி அகலத்துக்கு வெள்ளை இடம் விட வேண்டும். டிசைன் பண்ணும் பையன்கள் முதலில் தின்பது இந்த இடத்தைத்தான்!

லிங்க் நீளமாக நீளமாகக் கட்டமும் பொடிப்பொடியாகும். மிகச் சிறியது 21க்கு 21 புள்ளி, மிகப் பெரியது 177க்கு 177. சின்ன லிங்க் கொடுத்தால் ஒவ்வொரு புள்ளியும் பெரிதாக இருக்கும், பழைய போன் கேமராவும் சட்டென்று பிடிக்கும். தூரத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: எவ்வளவு தூரத்தில் நின்று ஸ்கேன் பண்ணுவார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம். மூன்று மீட்டர் என்றால் 30 சென்டிமீட்டர். பீலிக்கான் கோயில் திருவிழாவுக்கு ஃபிளெக்ஸ் அடிக்க வருகிறவர்கள் ஆளுயரத்துக்கு மேலே ஒரு சாண் கட்டம் கேட்பார்கள், கூட்டத்துக்குள் நின்று கழுத்தை நிமிர்த்தி யார் ஸ்கேன் பண்ணுவார்கள்? பளபள லேமினேஷனும் வேண்டாம், டியூப்லைட் அதில் பட்டுத் தெறிக்கும், கரண்ட் போய் சார்ஜ் லைட் வைத்தால் இன்னும் மோசம். உருண்டை பாட்டிலில் ஒட்டுவதாக இருந்தால் கட்டத்தைச் சிறிதாக்குங்கள், இல்லாவிட்டால் ஓரம் வளைந்து பின்னால் போய்விடும்.

இலவசமாக க்யூஆர் செய்து தருகிற தளங்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. தேஞ்சி சந்தைப் பக்கம், அதாவது பெரியவர்கள் சூரத்தி பஜார் என்று சொல்கிற இடத்தில், மசாலா வியாபாரம் செய்கிற ஒரு அக்கா அப்படி ஒன்றைக் கொண்டுவந்து பாக்கெட்டெல்லாம் அடித்துப் போனார். கொஞ்ச நாள் கழித்து வந்து, "தம்பி, ஸ்கேன் பண்ணினா காசு கட்டச் சொல்லுதாம்" என்றார். அந்தத் தளம் தன் லிங்கைத்தான் உள்ளே வைத்திருந்தது, இலவசக் காலம் முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டது. உங்கள் சொந்த முகவரியை நேராக உள்ளே வைத்த க்யூஆருக்குக் காலாவதி என்பதே கிடையாது. பின்னால் மாற்ற வேண்டியிருக்கும் என்றால் சொந்த டொமைன், அதாவது உங்கள் பெயரிலேயே ஒரு இணைய முகவரி, வாங்கி அதில் ஒரு குட்டி லிங்க் வையுங்கள், அது எங்கே போக வேண்டும் என்பதை எப்போது வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம்.

அப்படிச் செய்தால் பாக்கெட்டுக்கு ஒரு லிங்க், நோட்டீஸுக்கு ஒரு லிங்க், கடை வாசலுக்கு ஒன்று என்று தனித்தனியாகவும் வைக்கலாம். எதில் இருந்து ஆள் வருகிறது என்று தெரிந்துவிடும், வராததற்கு அடுத்த தடவை காசு செலவழிக்க வேண்டியதில்லை.

என்னிடம் வருகிறவர்களுக்கு நிஜ அளவில் ஒரு தாளில் எடுத்துக் கொடுத்துவிடுவேன். அதை ஒட்ட வேண்டிய இடத்திலேயே ஒட்டி, வைஃபையை அணைத்து, விபிஎன்னை அணைத்து, வீட்டில் இருப்பதிலேயே மட்டமான போனில் சாயங்கால வெளிச்சத்தில் ஸ்கேன் பண்ணிப் பார்த்துவிட்டு வந்து சொன்னால்தான் மெஷினில் ஏற்றுவேன்.