பேரிடர் நுட்ப ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் தம்பிக்கு

நிவாரணப் பணிகளில் தகவல் தொழில்நுட்பம் பற்றி ஆராய பி.எச்டி சேர்ந்து வெளிநாடு வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த நிரல்மொழி படிப்பது, குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாமா, இந்தத் துறையில் நிலைத்து நிற்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பைத்தானோ 'ஆர்' (R) மொழியோ, எது தெரிந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். குடும்ப விசாவைப் பற்றி உங்கள் பல்கலைக்கழக அலுவலகத்தில் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பாஸ்போர்ட். உங்கள் ஆய்வுத் திட்டத்தில் 'களப்பணி' என்று கட்டாயம் ஒரு வரி இருக்கும். எங்காவது நிலநடுக்கம் வந்தால் பக்கத்து மேசைக்காரர் மறுநாளே விமானம் ஏறிவிடுவார். நம் கைக்கு விசா வரும்போது அங்கே கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். அதோடு, நிரந்தர வசிப்புரிமை கேட்கும்போது வெளியே கழித்த நாட்களைப் பல நாடுகள் கணக்குப் பார்க்கும். நான் வந்த புதிதில் இதைச் சொல்ல ஆளில்லை. என் வழிகாட்டிக்கே தெரியாது. தெரிந்துகொள்ளும் தேவை அவருக்கு வந்ததில்லை. அதனால் ஆய்வில் பாதியாவது இருந்த இடத்திலிருந்தே முடிகிற மாதிரி இப்போதே மாற்றுங்கள். ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகமான ஓச்சா 2014-இல் தொடங்கிய எச்.டி.எக்ஸ் என்ற திறந்த தரவுத் தளத்தில் நெருக்கடித் தரவுகள் கொட்டிக் கிடக்கின்றன. 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது தன்னார்வலர்கள் எங்கெங்கோ இருந்தபடி யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தலைநகர் போர்ட்டோ பிரின்ஸைத் தெருத் தெருவாக வரைந்தார்களே, அந்தத் திருத்தங்களின் வரலாறும் யாரும் எடுத்துப் பார்க்கும்படி இருக்கிறது.

அடுத்தது, செயலி செய்யும் ஆசை. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் தன்னார்வ நிரலாளர்கள் சஹானா என்ற நிவாரண நிர்வாக மென்பொருளை எழுதினார்கள். தேர்தல் வன்முறையைப் பதிவுசெய்ய 2008-இல் கென்யாவில் உஷாஹிதி என்ற இணையதளம் பிறந்தது. இரண்டும் கண்முன்னால் இருந்த தேவைக்கு எழுதியவை. அதைப் பார்த்து ஆளாளுக்கு ஒரு செயலியோடு கிளம்பினார்கள். சோதனைத் திட்டம் முடிந்ததும் நிதி நிற்கும், சர்வருக்குப் பணம் கட்ட ஆளிருக்காது, கட்டுரை மட்டும் வெளிவந்திருக்கும். நம்மவர்கள் சிலர் ஒரே ஒரு ஹேக்கத்தான் நிரல் போட்டியில் பரிசு வாங்கிவிட்டு 'பேரிடர் நிபுணர்' என்று லிங்க்ட்இன்னில் போட்டுக்கொள்கிறார்கள். சரி, அவர்களை விடுவோம்.

பார்க்க வேண்டியது நிவாரண முகாமின் பதிவு மேசையை. வெயிலில் டேப்லெட் திரை தெரியாமல், தன்னார்வலர் ஓர் அட்டைத் துண்டை மேலே பிடித்துக்கொண்டு தட்டுவார். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி 1. குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் படிவம் நகராது. ஒருவர் அங்கே அப்பா பெயரைப் போடுவார், இன்னொருவர் வெறும் புள்ளி வைப்பார். அப்புறம் இரட்டைப் பதிவுகளை நீக்கும் நிரலை ஓட்டினால், இரண்டு ஆட்கள் ஒருவராக ஒட்டிக்கொள்வார்கள், ஒரு வீட்டுக்கு நிவாரண அட்டை வராது. எனக்கும் ஒற்றைப் பெயர்தான். இங்கே வங்கிக்கும் வீட்டுக்காரருக்கும் நான் என் அப்பா. அதனால்தானோ என்னவோ, மற்றவர்கள் தாண்டிப்போன அந்தக் கட்டம் என் கண்ணில் பட்டது. என் முதல் உருப்படியான கட்டுரையும் அதிலிருந்து வந்தது.

நிலையான வேலையா? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடிதான். கணினித் துறைக்காரர்கள் 'இதில் கணினி எங்கே' என்பார்கள், நிவாரண அமைப்புகள் 'இது நாளைக்கு எனக்கு எப்படி உதவும்' என்பார்கள். பி.எச்டிக்குப் பிறகு வருவது பெரும்பாலும் குறுகிய ஒப்பந்தங்கள். ஒவ்வொன்று முடியும்போதும் வசிப்பு அனுமதி தொங்கும். இதைத் தாங்க ஒரே பிடி, உள்ளூர் மொழி. எத்தனையோ ஆண்டுகளாக இங்கே இருந்தும் ஆங்கிலத்தோடும் நம் ஆட்களோடும் காலம் தள்ளுகிறவர்களை எனக்குத் தெரியும். ஆய்வகத்துக்கு அது போதும். தீயணைப்புப் படையும் நகராட்சியின் பேரிடர்ப் பிரிவும் கூட்டம் நடத்துவது உள்ளூர் மொழியில். அவர்களும் நிவாரணக்காரர்கள்தான், அங்கே போக விசா வேண்டாம்.

நான் தட்டுத்தடுமாறி மொழி படித்துக்கொண்டிருந்தபோது அவர்களுடைய வெள்ள ஒத்திகைக்குப் போனேன். மொழி புரியாத அகதி வேடம் கொடுத்தார்கள், ஜோராக நடித்தேன். சில ஆண்டுகள் கழித்துப் போனபோது, 'நீங்கள் ரொம்ப நன்றாகப் பேசுகிறீர்கள், அந்த வேடத்துக்குச் சரிப்பட மாட்டீர்கள்' என்று கட்டுப்பாட்டு அறையில் வரைபடத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.