நீர்த்தேக்கத்துத் தண்ணீரை நம்பி இறங்கலாமா? கேள்வி பதில்

நீச்சல், படகு, தூண்டில் என்று நீர்த்தேக்கங்களுக்குப் போகிறவர்களும் அவற்றைக் கவனித்துக்கொள்கிற குழுக்களும் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: தண்ணீர் அடி தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. குளிக்கலாம்தானே?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வயிற்றுப்போக்கைத் தரும் கிருமிகள் தண்ணீரைக் கலக்குவதில்லை. குளிக்கும் இடத்தில் பார்க்க வேண்டியது ஈ.கோலை பாக்டீரியா. மனித, விலங்குக் கழிவு கலந்திருப்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012-இல் வகுத்த அளவுகோல்களில் ஒன்று, 30 நாள் மாதிரிகளில் ஈ.கோலை எண்ணிக்கையின் பெருக்குச் சராசரி (எண்களைக் கூட்டாமல் பெருக்கி, மூலம் எடுத்துக் காணும் சராசரி) 100 மில்லி லிட்டருக்கு 126-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. சராசரி என்பதைக் கவனியுங்கள். ஒரே ஒரு நாள் எடுத்த பாட்டில் நன்றாக வந்துவிட்டது என்று ஒரு பருவம் முழுக்கக் குழந்தைகளை இறக்கிவிடாதீர்கள். பெருமழை பெய்தால் இரண்டு மூன்று நாள் குளியலை நிறுத்திவைப்பது நல்லது. கரையில் கிடந்த அத்தனை கழிவையும் மழை உள்ளே தள்ளியிருக்கும்.

கேள்வி: நாங்கள் ஒரு பள்ளிச் சூழல் குழு. விலையுள்ள கருவிகள் கிடையாது. எதிலிருந்து தொடங்கலாம்?

தண்ணீரின் தெளிவை அளக்கும் செக்கி வட்டிலிருந்து தொடங்குங்கள். 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலிய வானியலாளர் கடலில் சோதித்த முறை, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தகட்டை நான்காகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசுங்கள். அடியில் எடை கட்டி, அளவு குறித்த கயிற்றில் தொங்கவிடுங்கள். நண்பகலை ஒட்டிய நேரத்தில், படகின் நிழல் விழும் பக்கமாக இறக்குங்கள். வட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டுக்கும் சராசரி எடுங்கள். அந்த ஆழம்தான் தெளிவு. குளிர்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டாம்.

நீரில் ஊட்டச்சத்தும் பாசியும் எவ்வளவு என்று மதிப்பிட, ஏரி ஆய்வாளர் கார்ல்சன் 1977-இல் தந்த ஊட்டநிலைக் குறியீட்டில் 4 மீட்டர் தெளிவுக்கு மதிப்பு 40, 2 மீட்டருக்கு 50, 1 மீட்டருக்கு 60. தெளிவு பாதியானால் குறியீடு 10 கூடும். 50-ஐத் தாண்டினால் தண்ணீரில் ஊட்டச்சத்து மிகுந்து பாசி பெருகும் நிலை. ஆனால் அந்தக் கணக்கு, பாசியால் தெளிவு குறையும் நீருக்கானது. ஆறு கொண்டுவரும் வண்டலால் கலங்கிய நீர்த்தேக்கத்தில் அது ஏமாற்றிவிடும். பாதி ஆழத்தில் வட்டை நிறுத்தி அதன் வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். பச்சை சாயல் பாசி, பழுப்புச் சாயல் மண். சந்தேகமிருந்தால் ஆய்வகத்தில் பாசியின் பச்சை நிறமியான குளோரோபில் அளவைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு காலையில் மீன்கள் செத்து மிதந்தன. மதியம் அளந்தால் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 9 மி.கி., நீர் வெப்பநிலை 30 டிகிரி. ஆக்சிஜன் பிரச்சினை இல்லை என்று முடிவு செய்துவிட்டோம். சரியா?

சரியில்லை. உங்கள் கருவி நன்றாகவே வேலை செய்திருக்கிறது, நேரம்தான் தப்பு. 30 டிகிரி நீர் காற்றிலிருந்து பெற்று இயல்பாக வைத்திருக்கக்கூடியது சுமார் 7.5 மி.கி. மட்டுமே. மேலே இருக்கும் ஒன்றரை மில்லிகிராம் வெயிலில் பாசி உற்பத்தி செய்தது. அதே பாசி இரவெல்லாம் சுவாசித்து ஆக்சிஜனைத் தின்னும், மிகக் குறைந்த அளவு விடியலுக்குச் சற்று முன்புதான் வரும். வெதுநீர் மீன்களுக்கு 5 மி.கி. இருந்தால் நிம்மதி, 2-க்குக் கீழே போனால் பெரும்பாலானவை தாங்காது. விடிவதற்குள் போய், மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கின்றனவா என்று பாருங்கள். பெரிய மீன்கள் முதலில் சாவதும் ஆக்சிஜன் பற்றாக்குறைக்கு அடையாளம். சின்னது பெரியது பாராமல் எல்லாமே ஒன்றாகச் செத்திருந்தால் நச்சு கலந்ததா என்று விசாரிக்க வேண்டும்.

அளக்கும்போது மேலோடு நிற்காமல், ஆழமான இடத்தில் மீட்டருக்கு மீட்டர் அடிவரை இறக்குங்கள். வெயில் காலத்தில் மேலே வெதுவெதுப்பான நீரும் கீழே குளிர்ந்த நீரும் கலக்காமல் அடுக்காகிவிடும். கீழடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்தபின் சேற்றிலிருந்து பாஸ்பரஸும் இரும்பும் மாங்கனீசும் கரைந்து வரும், அழுகிய முட்டை நாற்றமும் வரும். திடீர்க் காற்றோ குளிர்ந்த மழையோ அடுக்கைப் புரட்டினால் அந்த நீர் ஒரே இரவில் மேலே வந்துவிடும்.

கேள்வி: மாதிரி எங்கே எடுப்பது?

நீர்த்தேக்கம் ஒரே தண்ணீர் அல்ல. ஆறு நுழையும் முனையில் வண்டலும் ஊட்டச்சத்தும் அதிகம், அணைக்கருகே ஆழமும் தெளிவும் அதிகம். குறைந்தது நுழைவாய், நடுப்பகுதி, அணையருகு என மூன்று இடங்கள் வேண்டும். பாக்டீரியாவுக்கு மட்டும் மக்கள் உண்மையில் குளிக்கும் இடத்திலேயே எடுங்கள். கிருமி நீக்கிய பாட்டிலை மேற்பரப்பிலிருந்து ஒரு 30 செ.மீ. கீழே திறந்து நிரப்பி, ஐஸில் வைத்து, சில மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேருங்கள்.

கேள்வி: கரையோரம் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் இருக்கிறது. கொதிக்க வைத்தால் நச்சு போகுமா?

போகாது. கொதிக்க வைத்தால் பாசியின் செல்கள் உடைந்து நச்சு நீரில் கலக்கும். நீங்கள் பார்த்த பச்சை, நீலப்பசும்பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். குச்சியை விட்டுப் பாருங்கள். முடிபோல் தொங்கினால் இழைப்பாசி, பெயின்ட் போல் பூசிக்கொண்டால் நீலப்பசும்பாசி என்று வைத்துக்கொண்டு விலகிவிடுங்கள். எல்லா நீலப்பசும்பாசியும் நச்சுள்ளதல்ல, ஆனால் கண்ணால் பிரிக்க முடியாது. குளியல், படகு போன்ற பொழுதுபோக்குக்கான நீரில், நீலப்பசும்பாசியின் நச்சுகளில் ஒன்றான மைக்ரோசிஸ்டின் லிட்டருக்கு 24 மைக்ரோகிராம் வரை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. காற்று அந்தப் படலத்தை ஒரு மூலைக்கு ஒதுக்கும்போது அங்கே மட்டும் பலமடங்காகும். நாய்களை அருகே விடவே வேண்டாம். ரோமத்தை நக்கியே செத்துப்போகும்.

கேள்வி: தண்ணீர்ச் சோதனையில் பாதரசம் இல்லை. மீன் சாப்பிடலாமா?

தண்ணீர்ச் சோதனை இதற்கு உதவாது. பாதரசத்தின் நச்சு வடிவமான மீத்தைல் பாதரசம் நீரில் மிக நுண்ணிய அளவில் இருந்தாலும் உணவுச் சங்கிலியில் ஏறி ஏறி, பெரிய கொன்றுண்ணி மீனின் சதையில் லட்சக்கணக்கான மடங்கு சேரும். மீன் சதையைத்தான் சோதிக்க வேண்டும். அது புரதத்தோடு பிணைந்திருப்பதால் கொழுப்பை நீக்கியும் தோலை உரித்தும் பயனில்லை. புதிதாக நிரப்பிய நீர்த்தேக்கமாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. மூழ்கிய மண்ணும் செடிகொடியும் மக்கும்போது இந்தச் சேர்மம் அதிகம் உருவாகும், மீனில் அந்த அளவு தணியப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை சிறிய மீனாகப் பாருங்கள். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் பெரிய கொன்றுண்ணி மீன்களைத் தவிர்க்கட்டும்.

கேள்வி: பி.எச்., அதாவது நீரின் அமில-காரத் தன்மையின் அளவு, 9 காட்டுகிறது. ரசாயனக் கழிவா?

மதியம் அளந்தீர்களென்றால் பெரும்பாலும் பாசிதான். கார்பன் டை ஆக்சைடை அது உறிஞ்சும்போது பி.எச். ஏறும். மறுநாள் விடியலில் அளந்து ஒப்பிடுங்கள். அம்மோனியாவையும் கூடவே பாருங்கள், பி.எச். ஏற ஏற அதன் நச்சுத்தன்மை மீனுக்குக் கடுமையாகும்.

கேள்வி: எவ்வளவு அடிக்கடி அளக்க வேண்டும்?

குளியல் பருவத்தில் பாக்டீரியா வாரம் ஒருமுறை. செக்கி வட்டும் ஆக்சிஜனும் மாதம் இருமுறை, வெயில் உச்சத்தில் இன்னும் நெருக்கமாக. ஒவ்வொரு முறையும் நேரம், நீர்மட்டம், முந்தைய மூன்று நாள் மழை, காற்றடித்த திசை நான்கையும் அதே தாளில் எழுதுங்கள். மதகைத் திறந்து நீர்மட்டம் இறங்கிய வாரத்து எண்ணை, நிரம்பியிருந்த வாரத்து எண்ணோடு அப்படியே ஒப்பிட முடியாது.