ஜாக்கி சான் சண்டைகள் ஏன் இவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன? இன்றைய ஹாலிவுட் சண்டைகளில் யார் யாரை அடிக்கிறார் என்றே புரிவதில்லையே?

முக்கியமான காரணம் கேமராவும் எடிட்டிங்கும்தான். ஹாங்காங் படங்களில் கேமரா கொஞ்சம் தள்ளி நிற்கும். உதைப்பவர், உதை வாங்குபவர் இருவரும் தலை முதல் கால்வரை ஒரே ஷாட்டில் தெரிவார்கள். பல ஹாலிவுட் படங்களில் கை ஓங்கியதும் ஒரு கட், அடி விழும்போது இன்னொரு கட். சண்டை தெரியாத நடிகரையும் டூப்பையும் மறைக்க இது வசதி. நமக்கு மிஞ்சுவது சத்தம் மட்டும்.

ஜாக்கி சானுக்கு மறைக்க ஒன்றுமில்லை. சிறுவயதிலேயே பீக்கிங் ஓபரா எனும் சீனப் பாரம்பரிய இசை நாடகத்தைக் கற்பிக்கும் பள்ளியில் சேர்ந்து குட்டிக்கரணம், தற்காப்புக் கலை எல்லாம் பயின்றவர். அவரோடு பல படங்களில் நடித்த சாமோ ஹங்கும் யுவென் பியாவும் அதே பள்ளிதான். பல படங்களை அவரே இயக்கியதால், சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப எடுக்கவும் முடிந்தது.

1985இல் வந்த 'போலீஸ் ஸ்டோரி'யின் ஷாப்பிங் மால் சண்டையைப் பாருங்கள். விளக்குகள் சுற்றிய கம்பத்தில் அவர் மேலிருந்து சறுக்கி இறங்குவதை, வெவ்வேறு கோணங்களில் மூன்று முறை அடுத்தடுத்துக் காட்டுவார்கள். கதைக்கு அது தேவையே இல்லை; நிஜமாகத்தான் குதித்தேன் என்று காட்டிக்கொள்ளும் குறும்பு அது! கையெல்லாம் வெந்துபோனது வேறு விஷயம்.

சமீப காலத்தில் இதே தெளிவு வேண்டுமென்றால் இந்தோனேசியாவின் 'தி ரெய்ட்' பாருங்கள். அந்தப் பகுதியின் தற்காப்புக் கலையான சிலாட் சண்டை, ரத்தம் அதிகம். குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.