அனிமேஷன் படித்த மகளை ஸ்டூடியோக்கள் குவிந்த ஊருக்கு அனுப்பலாமா?

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தேன். மகள் அனிமேஷன் படிப்பை முடிக்கப்போகிறாள், ஸ்டூடியோக்கள் நிறைந்த பெருநகரத்துக்குப் போகவேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். "கம்ப்யூட்டரில் செய்கிற வேலைதானே, வீட்டிலிருந்தே செய்தால் வாடகையாவது மிச்சமாகுமே" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். வாடகைக் கணக்கைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் வேலையின் முதல் ஐந்தாறு வருடங்களைப் பொறுத்தவரை நான் மகள் கட்சி.

ஸ்டூடியோக்களில் 'டெய்லீஸ்' என்று ஒன்று நடக்கும். குழு மொத்தமும் ஓர் இருட்டறையில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவரும் செய்துவைத்த ஷாட் திரையில் ஓடும். மேற்பார்வையாளர் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். "கால் தரையில் பட்டுவிட்டது, ஆனால் உடம்பின் கனம் அந்தக் காலில் இறங்கவே இல்லை. இடுப்பை இரண்டு ஃபிரேம் தள்ளி இறக்கிப் பாருங்கள்" என்பார். அது பக்கத்து நாற்காலிக்காரரின் ஷாட். உங்கள் மகளின் ஷாட் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் மற்றவர்கள் வாங்கும் திருத்தங்கள் அவள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கல்லூரியில் இந்தப் பாடம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. வீட்டிலிருந்து தனியாக வேலை வாங்கிச் செய்பவருக்குப் பெரும்பாலும் தன் ஷாட்டுக்கான குறிப்பு மட்டும்தான் வரும். அதுவும் இரண்டு வரியில்.

பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே இதைக் கவனித்திருக்கிறார். ஒரு தொழில் ஓரிடத்தில் குவிந்தால் அதன் சூட்சுமங்கள் காற்றிலேயே கலந்துவிடுகின்றன, பிள்ளைகள்கூடத் தம்மையறியாமல் கற்றுக்கொள்கிறார்கள் என்று எழுதினார். பின்னால் வந்தவர்கள் அளந்தும் பார்த்தார்கள். ஒரு நகரத்தின் அளவு இரண்டு மடங்கானால் அங்குள்ளவர்களின் உற்பத்தித்திறன் சுமார் 3 முதல் 8 சதவீதம் வரை கூடுகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் கணிப்பு. கேட்க அற்பமாகத் தெரியும். வருடா வருடம் அந்த ஊரின் சம்பளத்திலும் வருமானத்திலும் சேர்ந்துகொண்டே வருகிற வித்தியாசம் இது.

படைப்புத் தொழில்களில் இந்த நெருக்கத்தின் எல்லை இன்னும் குறுகலானது. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் விளம்பர நிறுவனங்களை ஆராய்ந்த இருவர் 2008-ல் வெளியிட்ட முடிவு எனக்கே ஆச்சரியம் தந்தது. பக்கத்தில் சக நிறுவனங்கள் இருப்பதால் கிடைக்கும் பலன் தூரம் கூடக்கூட வேகமாகக் கரைந்து, 750 மீட்டரில் இல்லாமலே போய்விடுகிறதாம். அதே நகரம்தான், ஆனால் நாலு தெரு தள்ளிப் போனாலே பலன் குறைகிறது. "ஆன்லைனில் எல்லாம் கிடைக்கிறதே" என்பவர்களிடம் இதைத்தான் நான் சொல்வது. மென்பொருள் பொறியாளர்களிடம் நடந்த ஓர் ஆய்விலும் இதே போக்கு தெரிந்தது. குழுவோடு ஒரே கட்டடத்தில் உட்கார்ந்த இளையவர்களுக்குத் தங்கள் வேலையின் மீது அதிகக் கருத்துகள் கிடைத்தன. சொல்லிக்கொடுத்த மூத்தவர்களின் சொந்த வேலை அந்த நேரத்தில் குறைந்தது. ஆக, வீட்டிலிருந்து வேலை என்பது மூத்தவர்களுக்கு லாபமாக இருக்கலாம், கற்கும் பருவத்தில் இருப்பவருக்கு நஷ்டம்.

சரி, திறமைசாலிகள்தானே அந்த ஊர்களுக்குப் போகிறார்கள், ஊரால்தான் திறமை வந்தது என்று எப்படிச் சொல்வது? நீங்கள் கேட்காவிட்டாலும் உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். ஸ்பெயினில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான தொழிலாளர்களின் பணிவரலாற்றை வைத்து இதைப் பார்த்தார்கள். மாட்ரிட், பார்சிலோனா மாதிரிப் பெருநகரங்களில் சேரும் அனுபவத்துக்கு மதிப்பு அதிகம். அதைவிட முக்கியமாக, அங்கே வேலை பார்த்துவிட்டுச் சிறிய ஊருக்குத் திரும்பியவர்களிடமும் அந்தக் கூடுதல் மதிப்பு பெருமளவு தங்கியிருந்தது. உங்கள் மகள் என்றைக்குமே திரும்பி வரமாட்டாளோ என்று கவலைப்படுகிறீர்கள் அல்லவா? திரும்பி வரலாம். கற்றது கூடவே வரும்.

இனி எந்த ஊர் என்ற விஷயம். மகள் பெரிய ஸ்டூடியோவின் பெயரைப் பார்க்கிறாள். நான் அந்த ஊரில் எத்தனை ஸ்டூடியோக்கள் இருக்கின்றன என்று பார்க்கச் சொல்வேன். காட்சி விளைவுகளுக்குப் பேர்போன லாஸ் ஏஞ்சலிஸ் பகுதி நிறுவனமான ரிதம் அண்ட் ஹியூஸ் 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. அதே மாதத்தில்தான் அதன் வேலைக்கு ஆஸ்கரும் கிடைத்தது! கனடா, பிரிட்டன் அரசுகள் கொடுத்த வரிச்சலுகை வேலைகளை அந்தப் பக்கம் இழுத்துப்போயிருந்தது. விருது வாங்கும் கம்பெனியும் மூடப்படலாம். பக்கத்தில் நாலு கம்பெனி இருந்தால் அடுத்த வேலைக்கு ஊர் மாறவேண்டியதில்லை.

சலுகையால் உருவான ஊர் என்றாலே ஒதுக்கிவிடவும் வேண்டாம். மான்ட்ரியலில் 1997-ல் கியூபெக் அரசு சம்பள மானியம் கொடுத்துத்தான் யூபிசாஃப்ட் என்ற வீடியோ கேம் நிறுவனத்தை வரவழைத்தது. அப்புறம் வேறு கேம் நிறுவனங்களும் வந்தன. அங்கே தொழில் கற்றவர்கள் வெளியேறித் தங்கள் ஸ்டூடியோக்களையும் ஆரம்பித்தார்கள். ஒரு ஊர் உயிரோட்டமாக இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல அடையாளம் இந்தக் கிளைவிடுதல்தான்.

கிளைவிடுவதற்கு ஆட்கள் தடையில்லாமல் வேலை மாற முடியவேண்டும். கலிஃபோர்னியாவில், வேலையை விட்டவர் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டால் அது செல்லாது. 1872-லிருந்தே அங்கே சட்டம் அப்படி. பாஸ்டன் பக்கத்துக் கணினித் தொழில் 1980-களில் பின்தங்கி, சிலிக்கான் பள்ளத்தாக்கு முந்தியதற்கு இந்த நடமாட்டத்தையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஆகவே மகள் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், விலகினால் எத்தனை மாதம் வேறெங்கும் சேரக்கூடாது என்ற வரி இருக்கிறதா என்று பார்க்கட்டும். சம்பளப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் பிள்ளைகள்தான் அதிகம்.

வாடகைக்கு வருகிறேன். படைப்பாளிகள் கூடும் நகரங்களே வளரும் என்று 2002-ல் பரபரப்பாக எழுதிய நகர ஆய்வாளர் ரிச்சர்ட் ஃப்ளோரிடாவே, 2017-ல் அதே நகரங்களில் வீட்டு விலையும் ஏற்றத்தாழ்வும் கட்டுக்கடங்காமல் போனதைப் பற்றி எழுத நேர்ந்தது. ஊரின் வளம் வீட்டு உரிமையாளரின் சட்டைப்பைக்கும் போகும். அதனால் நகரத்தின் நடுவில் தனி வீடு வேண்டாம். இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் வீடு, முடிந்தால் அதே தொழிலில் இருக்கும் பெண்களோடு. முதல் ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு போகட்டும். இந்தத் துறையில் ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் சம்பளம் நின்றுபோவது சகஜம்.

"பட்டம் முக்கியமில்லை, ஷோரீல்தான் முக்கியம்" என்று மகள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். ஷோரீல் என்பது தான் செய்த வேலைகளில் சிறந்தவற்றைத் தொகுத்துக் காட்டும் சிறு வீடியோ. வேலை கிடைப்பதைப் பொறுத்தவரை அது பெருமளவு உண்மை. ஆனால் கடைசி செமஸ்டரை விட்டுவிட்டு ஓடவேண்டாம். நகரங்கள் வளர்வதற்குக் காரணம் கலைஞர்கள் கூடுவதைவிட மக்களின் படிப்பறிவே என்று பொருளியலாளர் எட்வர்ட் கிளேசர் போன்றவர்கள் ஃப்ளோரிடாவோடு வாதாடினார்கள். நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். அது கிடக்கட்டும், வெளிநாட்டில் வேலை என்று வந்தால் விசாவுக்குப் பல நாடுகளில் பட்டம் கேட்பார்கள்.

கணக்கியல் படிக்கும் மகனைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஒரு உயர் தொழில்நுட்ப வேலை, காலப்போக்கில் அதே ஊரில் வேறு துறைகளில் சுமார் 5 வேலைகளை உண்டாக்குகிறது என்று அமெரிக்க நகரங்களை வைத்துப் பொருளியலாளர் என்ரிகோ மொரெட்டி கணக்கிட்டார். கணக்காளரும் வழக்கறிஞரும் அதில் அடக்கம். அவனும் அக்காவோடு போவதில் தவறில்லை.

இப்போதைக்கு மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். அவள் மனதில் இருக்கும் ஊரில் இன்று ஆள் எடுக்கும் ஸ்டூடியோக்களின் பெயர்களையும், அவற்றில் எத்தனை கடந்த பத்து வருடத்தில் அந்த ஊர்க்காரர்களே தொடங்கியவை என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பட்டியல் ஐந்தைத் தாண்டவில்லை என்றால் அங்கே வீட்டுக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பட்டியலை எனக்கு அனுப்புங்கள், வேறு ஊர் பார்ப்போம்.